வாய் பேசாத தளபதி ஊமைத்துரை

கோவில்பட்டியில் இருந்து கிழக்கே கடல் வரைக்கும் பரந்து கிடப்பது கரிசல் பூமி. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஒரு மழை பெய்தால் போதும், வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. பருத்தியும் கம்பும் விளையும். வேலி என்றால் முள்வேலிதான். அந்த மண்ணையும் அந்த முள்ளையும் வைத்தே கோட்டை கட்டி, பீரங்கியும் குதிரையும் படைத்த கும்பினிப் படையைச் சுமார் இரண்டு மாதம் வாசலிலேயே நிறுத்தி வைத்தார் ஒருவர்.

அவர்தான் ஊமைத்துரை. வீரபாண்டிய கட்டபொம்மனின் தம்பி. பெற்றோர் வைத்த பெயர் குமாரசாமி. ஊர் வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது.

அண்ணன் கதை எல்லாருக்கும் தெரியும். 1959-ல் வந்த சினிமாப் படம் அதைப் பட்டிதொட்டி எங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால் அண்ணன் மாண்ட பிறகு தம்பி நடத்திய போர், அண்ணன் நடத்தியதை விடப் பெரியது. அது பலருக்குத் தெரியாது.

சைகையே கட்டளை

ஊமைத்துரை நெடிய உருவம், ஒல்லியான உடம்பு. பார்த்தால் நோயாளி போல் இருப்பார். அவரை எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி பிற்காலத்தில் எழுதிய நூலில், ஊமைத்துரையைச் செவிடு, ஊமை என்றே குறித்திருக்கிறார். பேச்சு திக்கும், அவ்வளவுதான் என்று சொல்லும் மரபும் நம் பக்கத்தில் உண்டு. எப்படி இருந்தாலும், அவர் படை நடத்தியது வாயால் அல்ல, கையால்.

அதை வெல்ஷ் வியந்து சொல்கிறார். சில வைக்கோல் துணுக்குகளை எடுத்து இடது உள்ளங்கையில் பரப்புவாராம். அவைதான் வெள்ளைக்காரப் படை. எப்போது, எங்கே என்பதற்கு வேறு சைகைகள். பிறகு வலது கையால் அந்தத் துணுக்குகளை ஒரே வீச்சில் தள்ளிவிட்டு, வாயால் காற்று சீறுவது போல் ஓர் ஒலி எழுப்புவார். அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான பேர் பாய்வார்கள்.

மக்கள் அவரைச் சாமி என்றே அழைத்தார்கள். அவர் கைகாட்டிய பக்கம் போய்ச் சாவதைப் பாக்கியமாக எண்ணினார்கள். பகைவனே எழுதி வைத்த செய்தி இது.

அண்ணனைத் தூக்கிலிட்ட பின்

1799-ம் ஆண்டு செப்டம்பரில் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். அக்டோபர் நடுவில் கயத்தாற்றில் பாளையக்காரர்கள் எல்லாரும் பார்த்திருக்க அவர் தூக்கிலிடப்பட்டார்.

தம்பிமார்கள் ஊமைத்துரையும் செவத்தையாவும் பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது.

கும்பினியார் அத்துடன் நிற்கவில்லை. பாளையங்களில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று பறை அறைந்தார்கள். துப்பாக்கி மட்டும் அல்ல, ஈட்டியும் கூடாது. மீறினால் மரண தண்டனை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்துத் துப்பாக்கி இன்றைய துப்பாக்கி அல்ல. குழாயின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கஜக்கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். மருந்து என்றால் கருமருந்து. வெடியுப்பு, கந்தகம், அடுப்புக்கரி மூன்றும் சேர்ந்த கலவை. எரிவது கரி, அது எரியக் காற்றைத் தருவது வெடியுப்பு, சீக்கிரம் தீப்பிடிக்க உதவுவது கந்தகம். எருக்கங்கரியைச் சேர்ப்பது பற்றிச் சுக்கிரநீதி என்ற வடமொழி நூலும் பேசுகிறது.

நம் பாளையக்காரர்களிடம் பெரும்பாலும் இருந்தது திரித் துப்பாக்கி. வெடியுப்பு நீரில் ஊறிய திரி எப்போதும் கனன்றுகொண்டே இருக்க வேண்டும். கும்பினிச் சிப்பாயிடம் இருந்தது சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. கல் இரும்பில் உரசும், பொறி பறக்கும், மருந்து பற்றும். பழகிய சிப்பாய் நிமிஷத்துக்கு இரண்டு மூன்று தடவை சுடுவான். திரிக்காரனால் அது முடியாது.

இரண்டுக்கும் பொதுவான பகை ஒன்று உண்டு. அது ஈரம். மழை பெய்தால் திரி அணையும். கல்லில் பொறி எழும்பாது. மருந்து நமுத்துப் போகும். மழையிலும் வெயிலிலும் ஒன்று போல வேலை செய்வது ஈட்டி ஒன்றுதான்.

மருந்து வேண்டும் என்றால் எங்கே போவது? முன்பு தூத்துக்குடியில் டச்சுக்காரர்கள் இருந்தார்கள். அவர்களோடு பாஞ்சாலங்குறிச்சிக்கு உறவு இருந்தது. 1783-ல் கர்னல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்தபோது, கொழும்பு டச்சு அரசாங்கத்துடன் செய்துகொண்ட உடன்படிக்கைப் பத்திரமே அங்கே அகப்பட்டது. ஆனால் 1796-க்குள் தூத்துக்குடியும் கொழும்பும் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டன. கடல் வழிக் கதவு சாத்தப்பட்டது.

இந்த நிலையில்தான் ஊமைத்துரை சிறையில் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

அம்மை செய்த உதவி

பாளையங்கோட்டைச் சிறையில் அம்மை பரவியது. கைதிகளின் கால் விலங்குகள் கழற்றப்பட்டன. இதுதான் வழி திறந்தது.

1801-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி. மாலை நேரம். பாளையங்கோட்டையில் இருந்த வெள்ளைக்காரர்கள் எல்லாரும் மேஜர் மெக்காலே வீட்டில் விருந்துக்குக் கூடியிருந்தார்கள். (ஆங்கிலப் படிப்புக்குப் பெயர் போன மெக்காலே வேறு. அவர் அப்போது தொட்டிலில் கிடந்த குழந்தை.)

அன்று விறகு விற்பவர்கள் போலவும் இலைக்கட்டு சுமப்பவர்கள் போலவும் பாஞ்சாலங்குறிச்சி ஆட்கள் ஒருவர் ஒருவராக ஊருக்குள் நுழைந்திருந்தார்கள். கட்டுக்குள் ஆயுதம் இருந்தது. குறித்த நேரத்தில் காவலர்கள் மேல் பாய்ந்தார்கள். காவலர்களின் துப்பாக்கிகளே அவர்களுக்கு முதல் ஆயுதம் ஆயின. சிறைக் கதவு திறந்தது.

விருந்துக்காரர்களுக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் ஊமைத்துரை வெகுதூரம் போய்விட்டார். சுமார் 30 மைல். இரவோடு இரவாக நடந்து, வழியில் இருந்த காவல் சாவடிகளையும் மடக்கி ஆயுதங்களைப் பறித்துக்கொண்டு, பொழுது விடியும்போது பாஞ்சாலங்குறிச்சி மண்ணை மிதித்தார்கள்.

அந்த இரவில் மேஜரின் வீட்டையே வளைத்துக்கொண்டிருந்தால் மாவட்டத்து வெள்ளை அதிகாரிகள் அத்தனை பேரும் ஒரே வலையில் விழுந்திருப்பார்கள். அதைச் செய்யாமல் போனது அவர்களுக்கு நல்ல காலம். ஊமைத்துரையின் நினைப்பெல்லாம் ஊர் போய்ச் சேருவதில் இருந்தது.

ஆறு நாளில் ஒரு கோட்டை

ஊரில் கோட்டை இல்லை. மேடும் பள்ளமும்தான் இருந்தது.

ஆணும் பெண்ணும் கூடினார்கள். ஊர் ஊராக ஆட்கள் வந்தார்கள். ஒளித்து வைத்த ஈட்டிகள் வெளியே வந்தன. கரிசல் மண்ணைக் குழைத்துக் குழைத்துச் சுவர் எழுப்பினார்கள். கும்பினிப் படை கயத்தாற்றில் கூடிப் புறப்பட்டு, பிப்ரவரி 9-ந் தேதி வந்து பார்த்தபோது அவர்களால் கண்ணை நம்ப முடியவில்லை. இடித்துத் தள்ளிய இடத்தில் புதுக் கோட்டை நின்றது. சுவர் மேல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நின்றார்கள். கட்ட எடுத்துக்கொண்டது ஆறே நாள்.

வந்த படை வந்த வழியே பாளையங்கோட்டைக்குத் திரும்பியது.

அடுத்து ஊமைத்துரையின் ஆட்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அங்கே இருந்த கும்பினி அதிகாரியைக் கொல்லவில்லை, போகவிட்டார்கள். துறைமுக அதிகாரி பாகட் என்பவர் பிடிபட்டார். அவருடைய மனைவி பின்னாலேயே வந்து அழுது மன்றாடினாள். கணவனை அவளிடம் ஒப்படைத்து, உடைமைகளையும் கொடுத்து அனுப்பினார்கள். அண்ணனைத் தூக்கில் தொங்கவிட்டவர்கள் மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்திருக்கும்! இருந்தும் ஒரு பெண்ணின் கண்ணீர் அங்கே செல்லுபடி ஆயிற்று.

மார்ச் 31

மெக்காலே பெரும்படை திரட்டினார். மார்ச் மாதக் கடைசியில் மறுபடி புறப்பட்டார். வழியில் பசுவந்தனைப் பக்கம் ஒரு மோதல். 31-ந் தேதி பாஞ்சாலங்குறிச்சி வந்து சேர்ந்தார். பீரங்கிகள் முழங்கின. பிற்பகல் மூன்றரை மணி அளவில் சுவரில் உடைப்பு விழுந்தது. தாக்கும்படி உத்தரவு பிறந்தது.

கோட்டைச் சுவர் சுமார் 12 அடி உயரம். சுற்றிலும் முள்வேலி. வெள்ளைச் சிப்பாய்கள் வேலியைத் தாண்டினார்கள், உடைப்பில் ஏறினார்கள். ஆனால் உச்சிக்குப் போன எவனும் நிலைக்கவில்லை. ஏறியவன் ஏறிய இடத்திலேயே விழுந்தான். பின்னால் வந்தவனும் விழுந்தான். உள்ளே இருப்பவர்கள் கண்ணுக்கே தெரியவில்லை.

என்ன மாயம் அது?

பிற்பாடு கோட்டையைப் பிடித்த பிறகுதான் வெள்ளைக்காரர்களுக்கு விடை கிடைத்தது. கொத்தளங்களை உள்ளே குடைந்து வைத்திருந்தார்கள். வீரர்கள் அந்தப் பள்ளத்தில் நின்றார்கள். வெளியில் இருந்து வரும் குண்டு தலைக்கு மேலே போய்விடும். அவர்கள் கையில் இருந்த ஈட்டியோ 18 அடி, 20 அடி நீளம். உடைப்பின் மேல் ஒரு தலை தெரிந்தால் போதும். கீழே இருந்து ஈட்டி பாயும். மேலே கால் ஊன்றி நிற்க இடமும் கிடையாது.

மருந்துக்குப் பஞ்சம் வரலாம். குண்டுக்குப் பஞ்சம் வரலாம். பனங்காட்டு ஊரில் நீளக் கம்புக்கும் கொல்லன் உலைக்கும் என்ன பஞ்சம்? துப்பாக்கியில் கும்பினியோடு போட்டி போட முடியாது என்பதை ஊமைத்துரை நன்றாக அறிந்திருந்தார். ஆகவே துப்பாக்கிக்கு வேலை இல்லாத ஓர் இடத்தை உண்டாக்கி, பகைவனை அங்கே வரவழைத்தார். அதுதான் அந்த மண்கோட்டையின் ரகசியம்.

உடைப்பில் ஏறப் போன வெள்ளையர் 120 பேர். காயம் இல்லாமல் திரும்பியவர்கள் 46 பேர்.

அன்று கும்பினிப் படை ஓடியது. இறந்தவர்களின் உடல்களைக் கூட எடுக்க முடியவில்லை. மறுநாள் வெள்ளைக் கொடி காட்டி, உடல்களை எடுத்து அடக்கம் செய்யக் கேட்டார்கள். கோட்டையில் இருந்தவர்கள் தடை சொல்லவில்லை.

மே 24

அதன் பிறகு முற்றுகைதான். ஏப்ரல் போயிற்று. மே மாதமும் முக்கால்வாசி போயிற்று. கர்னல் அக்னியூ மலையாளக் கரையில் இருந்தும் பிற இடங்களில் இருந்தும் புதிய படைகளோடும் பெரிய பீரங்கிகளோடும் வந்தார். எட்டயபுரத்து ஆட்களும் கும்பினிப் பக்கம் நின்றார்கள். பக்கத்துப் பக்கத்துப் பாளையங்கள், பழைய பகை. அந்தப் பகைதான் கும்பினிக்குப் பீரங்கியை விடப் பெரிய பலம்.

மே 23-ந் தேதி தொடங்கி 24-ந் தேதி வரை பீரங்கி ஓயவில்லை. மண்சுவர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இந்தத் தடவை உடைப்பு அகலமாக விழுந்தது. கடுமையான கைகலப்புக்குப் பிறகு கோட்டை விழுந்தது. எஞ்சியவர்கள் மறுபக்கமாக வெளியேறினார்கள். திறந்த கரிசல் வெளியில் குதிரைப் படை அவர்களைத் துரத்தித் துரத்தி வெட்டியது.

ஊமைத்துரை படுகாயம் அடைந்து பிணங்களுக்கு நடுவே விழுந்து கிடந்தார்.

ஒரு தாய்

அன்று இரவு நடந்ததை வெல்ஷ் எழுதி வைத்திராவிட்டால் கட்டுக்கதை என்றே சொல்லிவிடுவார்கள்.

பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் சிலர், போருக்குப் போன தங்கள் பிள்ளைகளின் உடலைத் தேடிக் களத்துக்கு வந்தார்கள். ஒருத்தி தன் மகனைக் கண்டுபிடித்தாள். உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. தாய் அவனைத் தூக்கப் போனாள். மகன் தடுத்தான். தன்னை விட்டுவிட்டு, அருகில் கிடக்கும் சாமியைக் காப்பாற்றும்படி கேட்டுக்கொண்டான்.

பெற்ற மகன் ஒரு பக்கம். ஊரே கும்பிடும் சாமி ஒரு பக்கம். அந்தத் தாய் மகனின் சொல்லைக் கேட்டாள். பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் கிடத்தினார்கள்.

சற்று நேரத்தில் எட்டயபுரத்து ஆட்கள் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். பிடித்துக் கொடுத்தால் வெகுமதி. பெண்கள் ஊமைத்துரையின் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி ஒப்பாரி வைத்தார்கள். அம்மை கண்டு இறந்தவன் என்றார்கள். அம்மை என்ற சொல் காதில் விழுந்ததும் வந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள்.

பாளையங்கோட்டையில் விலங்கைக் கழற்றியதும் அம்மை. இங்கே உயிரைக் காத்ததும் அம்மையின் பெயர்.

அந்தத் தாயின் பெயரை வெல்ஷ் எழுதவில்லை.

சிவகங்கைக் காட்டில்

காயம் முழுவதும் ஆறும் முன்பே ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குப் போனார். மருது சகோதரர்கள் அடைக்கலம் கொடுத்தார்கள். அடைக்கலம் புகுந்தவர்களை ஒப்படைக்கச் சொன்னது கும்பினி. மருதுகள் மறுத்தார்கள். அதனால் அவர்கள் தலைக்கும் வந்தது ஆபத்து. தெரிந்துதான் செய்தார்கள். 1801 ஜூன் 16-ந் தேதி சின்ன மருது திருச்சியில் ஒட்டிய அறிக்கை, கும்பினிக்கு எதிராக எல்லாச் சாதியாரையும் அழைத்தது.

போர் காட்டுக்குள் நுழைந்தது. சிறுவயலில் இருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட அக்னியூ ஒரு மாதம் பாடுபட்டுப் பார்த்தார். முடியவில்லை. பிறகு வேறு வழி கண்டுபிடித்து, அக்டோபர் 1-ந் தேதி காளையார்கோவிலைப் பிடித்தார்கள். அக்டோபர் 24-ந் தேதி மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள்.

ஊமைத்துரை திண்டுக்கல் மலைப் பக்கம் போனார். வத்தலக்குண்டு அருகே பிடிபட்டார்.

மறுபடி பாஞ்சாலங்குறிச்சி

அவரை எங்கே கொண்டுபோய்க் கொல்வது என்பதையும் கும்பினி யோசித்தே முடிவு செய்திருக்க வேண்டும். 1801 நவம்பர் 16-ந் தேதி, அவர் கட்டிய கோட்டை நின்ற அதே இடத்தில், ஊமைத்துரையும் செவத்தையாவும் தூக்கிலிடப்பட்டார்கள்.

கோட்டை மறுபடி இடிக்கப்பட்டது. இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்பது அந்தப் பக்கத்து வழக்கு. பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரே சர்க்கார் கணக்கில் இருந்து அடிக்கப்பட்டது. 1802 பிப்ரவரியில் 73 பேரைத் தூத்துக்குடியில் கப்பல் ஏற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். அவர்களோடு காவலுக்குப் போனவர் அதே வெல்ஷ்.

உலகத்தில் துப்பாக்கியின் கதை அதற்குப் பிறகு வேகமாக ஓடியது. ஊமைத்துரை மாண்டு ஆறு வருஷம் கழித்து, 1807-ல், போர்சித் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் தட்டினால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் வழிக்கு உரிமை பெற்றார். சக்கிமுக்கிக் கல்லுக்குப் பதில் செப்புக் கேப்பு வந்தது. மழையில் சுடுவது எளிதாயிற்று. 1836-ல் அமெரிக்காவில் கோல்ட் என்பவர் கேப்பும் குண்டும் கெட்டிக்கும் ரிவால்வருக்கு உரிமை பெற்றார். 1884-ல் பிரான்சில் புகையில்லா மருந்து வந்ததும் கருமருந்தின் ஆட்சியே சரிந்தது. இன்றைக்கு மேல்நாடுகளில் அந்தப் பழைய மாதிரி ரிவால்வரைப் பொழுதுபோக்குக்காகச் சுடுகிறவர்கள் உண்டு. அவர்களிலும் பலர் கருமருந்தைத் தொடுவதில்லை. ஒரு பொறி பட்டால் போதும் என்பதால் அதை வைத்திருப்பதே ஆபத்து. 1970-களில் வந்த பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகளைத்தான் போடுகிறார்கள். வெடியுப்பும் கரியும் கந்தகமும் அதிலும் உண்டு. ஆனால் அவ்வளவு எளிதில் பற்றாது.

பாஞ்சாலங்குறிச்சியில் 1974-ல் தமிழக அரசு நினைவுக் கோட்டை கட்டியது. பழைய கோட்டையின் அடித்தளமும் அங்கே வேலி போட்டுக் காக்கப்பட்டு வருகிறது. ஒட்டப்பிடாரத்தில் இருந்து கூப்பிடு தூரம்தான். போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் நடந்தால், போரில் இறந்த வெள்ளைக்காரர்களின் கல்லறைகளையும் பார்க்கலாம். சுற்றிலும் அதே கரிசல் காடு.